வெட்டக்கூடாத புல்லிலிருந்து கதையைத் தொடங்குங்கள்

நோர்டிக் (வட ஐரோப்பிய) நாட்டார் மரபை வைத்து மிகுபுனைவு எழுத வருகிறவர்களில் பலரும் பூதத்தைத்தான் முதலில் தேடுகிறார்கள். நான் இடத்தைத் தேடச் சொல்வேன். மனிதர்கள் மறந்துவிட்டதை மண் வைத்திருக்கும் என்ற எண்ணம் அந்த மரபின் உயிர்நாடி.

ஐஸ்லாந்துப் பண்ணைகள் சிலவற்றில் ஒரு சிறு புல்திட்டை மட்டும் அறுக்காமல் விட்டுவிடுவார்கள். அரிவாள் பட்டால் மாடு சாகும், வீட்டுக்கு ஆகாது என்பது நம்பிக்கை. சில இடங்களில் அது மறைந்து வாழும் மக்களின் நிலம் என்பார்கள். சில இடங்களில் காரணம் வழக்கொழிந்து தடை மட்டும் மிஞ்சியிருக்கும். முதலில் இப்படி ஒரு தடையை எழுதுங்கள். அதன் காரணம் உங்கள் குறிப்பேட்டில் இருக்கட்டும். எந்தக் கதாபாத்திரத்துக்கும் அது முழுதாகத் தெரிய வேண்டாம்.

அடுத்து, அந்த இடம் யாரை நினைவில் வைத்திருக்கிறது என்று கேளுங்கள். ஐஸ்லாந்தில் குடியேறியவர்களைப் பற்றிய பழைய நூலான லாண்ட்நாமாபோக்கில் ஹியோர்லெய்ஃபுர் என்பவரை அவருடைய அயர்லாந்து அடிமைகள் கொன்றுவிடுகிறார்கள். தப்பியோடியவர்களை ஹியோர்லெய்ஃபுரின் வளர்ப்புச் சகோதரரான இங்கோல்ஃபுர் தீவுகளில் தேடிப்பிடித்துக் கொல்கிறார். எசமானின் பெயர் ஒரு குன்றுக்கு, அடிமைகளின் நினைவு வெஸ்ட்மன்னேயார், அதாவது ‘மேற்கத்தியர் தீவுகள்’ என்ற பெயருக்கு; அயர்லாந்துக்காரர்களை அன்று அப்படித்தான் அழைத்தார்கள். நானாக இருந்தால் தீவுகளின் பக்கம் நின்றுதான் எழுதுவேன்.

தடையை மீறினால் வரும் விளைவு வீட்டளவில் இருக்கட்டும். உலகம் அழிய வேண்டாம். நார்வேயிலும் டென்மார்க்கிலும் சொல்லப்படும் கதை ஒன்று: கிறிஸ்துமஸ் இரவில் பண்ணையைக் காக்கும் குள்ள ஆவியான நிஸ்ஸேக்குக் கஞ்சி வைக்கிறார்கள். மேலே வெண்ணெய் இல்லை. கோபத்தில் தொழுவத்துக்குப் போய்ப் பசுவைக் கொன்றுவிடுகிறான். திரும்பி வந்து சாப்பிட்டால், வெண்ணெய் கிண்ணத்தின் அடியில்! மனம் பொறுக்காமல், செத்ததைப் போலவே இன்னொரு பசுவை எங்கிருந்தோ கொண்டுவந்து கட்டுகிறான். ஒரு கிண்ணம், ஒரு பசு. அதற்குள் எவ்வளவு அச்சம், எவ்வளவு இரக்கம்!

எதிர்காலத்தில் கதை நடக்கிறதென்றால் பொறியாளர்களை அழைத்து வாருங்கள். ஐஸ்லாந்தின் கோபவோகுர் நகரில், எல்ஃப்கள் எனப்படும் அந்த மறைந்து வாழும் மக்கள் குடியிருப்பதாக நம்பப்படும் ஆல்ஃப்ஹோல் குன்றருகே சாலை இன்றும் குறுகித்தான் போகிறது. அப்படியொரு சாலையின் திட்டக் கோப்பை எழுதிப் பாருங்கள்: அளவுகள், பழுதான இயந்திரம், தேதி தள்ளிப்போனதற்கான விளக்கம். எல்ஃப் என்ற சொல் அந்தக் கோப்பில் ஓரிடத்திலும் வரக்கூடாது.