சேலத்திலிருந்து தீவுக் கடற்கரைக்கு: மாதத்தைப் பார்த்துக் கரையைத் தேர்ந்தெடுங்கள்

சேலத்துத் தாத்தா பாட்டி வீட்டுக்கு விடுமுறையில் வரும் குடும்பங்கள் முதல் வாரத்திலேயே ஏற்காட்டுக்கு ஏறி, ஏரியில் படகு விட்டு, கொண்டை ஊசி வளைவுகளில் தலைசுற்றிய பிள்ளையைத் தேற்றியபடி இறங்கிவிடுகின்றன. அடுத்து பிள்ளைகள் கேட்பது கடலை. நம் ஊருக்கோ கடல் எந்தப் பக்கமும் அருகில் இல்லை. ஆகவே இலங்கை, அந்தமான், ராமேசுவரம் ஆகியவற்றில் எந்தக் கரைக்குப் போவது என்பதை வெளிநாட்டிலிருந்து விமானச் சீட்டு எடுக்கும்போதே முடிவு செய்துவிடுவது நல்லது.

வெதுவெதுப்பான தண்ணீரைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். நம் பக்கத்துக் கடல்களில் பெரும்பாலான மாதங்களில் 27 முதல் 30 டிகிரி வரை வெப்பம் இருக்கும். கிடைப்பதற்கு அரிதானது அலையடங்கிய கரைதான். அது கடற்கரையின் பெயரைவிடக் காற்றின் திசையைப் பொறுத்தது. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று வீசும். ஈழத்தில் இதைச் சோழகம் என்பார்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வாடை எனப்படும் வடகிழக்குக் காற்று. காற்று எந்தக் கரையில் மோதுகிறதோ அந்தக் கரை கொந்தளிக்கும். தீவின் மறுபக்கம் அடங்கியிருக்கும்.

கனடாவிலிருந்தோ ஐரோப்பாவிலிருந்தோ ஜூலை, ஆகஸ்ட் பள்ளி விடுமுறையில் வருவோருக்கு என் முதல் தேர்வு இலங்கையின் கிழக்குக் கரை. மட்டக்களப்புக்கு வடக்கே உள்ள பாசிக்குடா, பவளப்பாறை அரண்போல் காக்கும் வளைகுடா. இடுப்பளவு நீரிலேயே வெகுதூரம் நடந்து போகலாம் என்பதால் ஐந்து வயதுப் பிள்ளைக்கும் ஏற்றது. திருகோணமலைக்கு வடக்கே உள்ள நிலாவெளி சற்று ஆழமானது. அங்கிருந்து புறாத்தீவுக்குப் படகில் போய் மீன் பார்க்க வளர்ந்த பிள்ளைகள் விரும்புவார்கள். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: அந்த மாதங்களில் அங்கே காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுகிறது. அலையை அடக்குவதும் அதுதான். ரப்பர் மிதவையில் படுத்திருக்கும் பிள்ளையைச் சத்தமில்லாமல் வெளியே தள்ளிக்கொண்டு போவதும் அதுதான். மிதவை வேண்டுமென்றால் கயிறு கட்டி, கயிற்றைப் பெரியவர் ஒருவர் பிடித்திருக்க வேண்டும்.

சேலத்திலிருந்து திருச்சிக்கு மூன்று மணி நேரத்தில் போய் அங்கிருந்து கொழும்புக்குப் பறப்பதே எளிய வழி; பிறகு கிழக்குக் கரைக்குச் சாலையில் ஆறு மணி நேரமாவது ஆகும். 2023இல் மீண்டும் தொடங்கிய நாகப்பட்டினம்–காங்கேசன்துறைக் கப்பல் யாழ்ப்பாணத்தைப் பார்த்துவிட்டுப் போக விரும்புவோருக்கு உதவும். வாடைக் காலத்தில் அதை நம்பித் திட்டமிட வேண்டாம். இந்திய விசாவில் வந்திருப்பவர்கள் மறுபடி நுழைய அனுமதி உண்டா என்பதை முன்பே சரிபார்க்க வேண்டும். ஓசிஐ (வெளிநாட்டு இந்தியக் குடிமகன்) அட்டை உள்ளவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை.

டிசம்பர் இறுதியிலோ பொங்கலுக்கோ வருவோருக்கு இதே கிழக்குக் கரை ஏமாற்றத்தைத் தரும். அப்போது காலி நகரை அடுத்த உனவட்டுனாவைப் போன்ற தென்மேற்குக் கரைகளைப் பாருங்கள், அல்லது சென்னையிலிருந்து ஏறத்தாழ இரண்டு மணி நேர விமானத்தில் அந்தமானுக்குப் போங்கள். அந்தமானில் நீல் தீவின் (இப்போது ஷஹீத் தீவு) பரத்பூர் கரை ஆழமற்றது. ஆனால் நீர் வற்றும் நேரத்தில் பவளப்பாறை வெளியே தெரியும், குளிக்க முடியாது. விடுதியில் நீர் ஏறும் நேரத்தைக் கேட்டுக்கொண்டு இறங்குங்கள். உப்புநீர் முதலை எச்சரிக்கைப் பலகை இருக்கும் கரையில் கால்கூட நனைக்க வேண்டாம்.

கடவுச்சீட்டு வேலையே வேண்டாம் என்போருக்கு ராமேசுவரம் இருக்கிறது. நாமக்கல், மதுரை வழியாகக் காரில் ஏழெட்டு மணி நேரம். பாம்பன் தீவின் வடபுறத்துப் பாக் நீரிணையைப் பெண் கடல் என்றும், தென்புறத்து மன்னார் வளைகுடாவை ஆண் கடல் என்றும் அங்குள்ளோர் சொல்வார்கள். ஜூலையில் பெண் கடல் குளம்போல் கிடக்கும். மண்டபத்துக்கு அருகிலுள்ள அரியமான் கரை அப்போது பிள்ளைகளுக்கு ஏற்றது. வாடை தொடங்கினால் அந்தப் பெண் கடலும் சீறும். 1964 டிசம்பர் புயலில் அழிந்த தனுஷ்கோடியைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்; அங்கே, குறிப்பாக அரிச்சல்முனையில், குளிக்க விடாதீர்கள். இரு கடலும் சேரும் இடத்தில் நீரோட்டம் பொல்லாதது.

எந்தக் கரையானாலும் இறங்குவதற்கு முன் பத்து நிமிடம் நின்று பாருங்கள். அலைகள் தொலைவிலேயே உடைந்து வரிசை வரிசையாகத் தணிந்து வந்தால் அடிநிலம் சரிவு குறைந்தது. ஒரே அலை கரையருகே எழுந்து தொப்பென்று விழுந்தால் அங்கே திடீர்ப் பள்ளம் இருக்கிறது. இரு பக்கமும் அலை உடைய, நடுவில் மட்டும் உடையாமல் கலங்கலாகத் தெரியும் பாதையை அமைதியான இடம் என்று எண்ணிப் பலர் அங்கேதான் இறங்குகிறார்கள். ஆளைக் கடலுக்குள் இழுக்கும் நீரோட்டம் பெரும்பாலும் அதுவே. சிக்கினால் கரையை நோக்கி முட்டி மோதாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியேற வேண்டும்.

இதைச் சேலத்து மாமாக்களுக்குத்தான் முதலில் சொல்ல வேண்டும். கிணற்றிலும் மேட்டூர் வாய்க்காலிலும் நீச்சல் பழகிய நாங்கள் கடலையும் அதே துணிச்சலோடு அணுகுகிறோம்; கிணற்றுத் தண்ணீர் யாரையும் இழுத்துக்கொண்டு போவதில்லை என்பது அப்போது நினைவுக்கு வருவதில்லை. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை மாமாவிடம் விட்டுவிட்டு நிழலில் உட்கார்ந்துவிடாதீர்கள்.