ரேடார்ல தெரியுறதெல்லாம் மழை இல்லீங்க

போன வாரம் ராத்திரி 11 மணிக்கு ஒரு தம்பி சென்னை ரேடார் படத்த அனுப்பி "அண்ணா கடல்ல செமயா கட்டியிருக்கு, விடியுறதுக்குள்ள நமக்குத்தான்"னு மெசேஜ் போட்டிருந்தான். அப்படியே நான் செஞ்ச அதே தப்பு. கலர் ஸ்கேல் பாக்காம விடுறது, படத்துல போட்டிருக்குற யூடிசி (உலகப் பொது) நேரத்த நம்ம நேரம்னு நெனைக்கிறது எல்லாம் தானா சரியாயிடும், அத விடுறேன்.

ராத்திரி கடல்ல வர்ற "மழை"

இதுதான் பெரிய தப்பு. ஒரு ஏப்ரல் ராத்திரி இதே மாதிரி பாத்துட்டு, மறுநாள் மாடிக்கு கான்கிரீட் போட இருந்த ஃப்ரெண்டுகிட்ட வேணாம்டா மழை அடிச்சு ஊத்தப் போகுதுன்னு சொல்லிட்டேன், அவனும் என்ன நம்பி நிறுத்திட்டான், காலைல பாத்தா பளீர்னு வெயில், ஆனா வந்த ஆளுங்களுக்கு கூலி குடுத்துதான் அனுப்பினான். இன்னிக்கும் உறுத்துது.

நடக்குறது இதுதான். கடல ஒட்டி குளிர்ந்த ஈரக்காத்து, அதுக்கு மேல நிலத்துலேர்ந்து வந்த சூடான உலர்ந்த காத்து. இந்த அடுக்குல ரேடார் அலை மேல போகாம கீழ வளைஞ்சு கடல் மேல பட்டு திரும்பும். ரேடாருக்கு எதிரொலி வந்துச்சு, அவ்ளோதான், அது கடல் அலையா மேகமான்னு படத்துல எழுதியிருக்காது.

மேக்ஸ் இசட் படத்துல (ஒவ்வொரு இடத்துலயும் வந்த பலமான எதிரொலிய காட்டுற ரேடார் படம்) மேலயும் வலது பக்கமும் ஒரு பட்டை இருக்கும்ல, அது உயரம். நல்ல இடிமழைன்னா அதுல கோபுரம் மாதிரி எழும்பி நிக்கும், இது தரையோட ஒட்டிக்கிட்டு கிடக்கும். அரை மணி நேரப் படங்கள ஓடவிட்டுப் பாருங்க, காத்தோட நகராது, அதே இடத்துல மினுக்கும். சாட்டிலைட்டையும் திறங்க, அங்க மேகமே இருக்காது.

மதியம் கரைய ஒட்டி மெல்லிசா ஒரு கோடு

இத குப்பைன்னு ஒதுக்காதீங்க. கடல்காத்து உள்ள நுழையுற விளிம்பு அது, அங்க சேர்ற பூச்சிங்களும் காத்தோட ஈரப்பத வித்தியாசமும்தான் கோடா தெரியுது. சாயங்கால இடிமழை பல நாள் அந்த கோட்டுலதான் முளைக்கும்.

விடியகாலைல விரியுற வளையம்

பறவைங்க, ராத்திரி தங்குன இடத்த விட்டு கூட்டமா கிளம்புது. இரண்டாம் உலகப்போர்ல காரணம் தெரியாத எக்கோவுக்கு பிரிட்டிஷ்காரங்க "ஏஞ்சல்"னு பேர் வச்சாங்க, அதுல பலது பறவைதான்னு டேவிட் லாக்னு ஒரு பறவை ஆராய்ச்சியாளர் 1945லயே எழுதிட்டார்.

சூரியன் உதிக்கிறப்போ கிழக்க நீட்டமா ஒரு கீற்று

சூரியனேதான்.