மேப் போட்டு ஓட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்: வடசென்னைச் சாலைகளிலிருந்து

எண்ணூர் விரைவுச் சாலையில் ஒரு மாலை நேரம். திருவொற்றியூரிலிருந்து காசிமேடு நோக்கி வந்துகொண்டிருந்தேன். இடது பக்கம் கடல், பின்னால் ஒரு கன்டெய்னர் டிரெய்லர். நான் திரும்ப வேண்டிய தெரு கிட்டத்தட்ட தாண்டிப் போகும் நேரத்தில்தான் 'வலதுபுறம் திரும்பவும்' என்ற குரல் லேசாகக் கேட்டது. யோசிக்காமல் ஸ்டியரிங்கை ஒடித்துவிட்டேன். டிரெய்லர் பிரேக் அடித்த சத்தம் இன்றும் என் காதில் இருக்கிறது. அந்த ஓட்டுநர் திட்டக்கூட இல்லை. "லோடு வண்டி சார், நெனச்ச இடத்துல நிக்காது" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்து நிதானமாக யோசித்தபோதுதான் புரிந்தது, தவறு அந்த நொடியில் நடக்கவில்லை. கிளம்பும்போது ரூட்டை ஒருமுறைகூட நான் பார்க்கவில்லை. குரல் வால்யூம் பாதியில் இருந்தது. போன், கியருக்குப் பக்கத்தில் இருக்கும் குழியில் கிடந்தது. எல்லாமே வண்டி நின்றிருக்கும்போது இரண்டு நிமிடத்தில் சரிசெய்திருக்கக்கூடியவை. அதன் பிறகு பலருடைய வண்டியில் உட்கார்ந்து கவனித்துவிட்டேன். நின்றுகொண்டு செய்ய வேண்டிய வேலையை ஓடிக்கொண்டே செய்கிறோம். மற்ற தவறுகளில் பாதி இதிலிருந்துதான் கிளைக்கிறது.

முதலில் போன் வைக்கும் ஸ்டாண்டை எடுத்துக்கொள்வோம். கண்ணாடியின் நட்டநடுவில், பார்வைக்கு நேராக ஒட்டி வைப்பவர்கள் உண்டு. நம் பக்கத்துத் தெருக்களில் குறுக்கே ஓடிவரும் குழந்தையும் மீன்பாடி வண்டியும் மறைவதற்கு அந்த ஒரு கை அகலம் போதும். ஏர்பேக் இருக்கும் மூடியின் மேல் ஒட்டுவது அதைவிட மோசம். ஏர்பேக் வெடித்துத் திறக்கும் வேகத்தில் ஸ்டாண்டும் போனும் முகத்தை நோக்கித்தான் வரும். டேஷ்போர்டின் கீழ்ப்பகுதியில், ஸ்டியரிங்குக்கு ஒரு பக்கமாக, தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் இறக்கிப் பார்க்கும்படி இருப்பது நல்லது. ரப்பர் கப் வைத்த ஸ்டாண்டாக இருந்தால் ஒட்டும் இடத்தைச் சோப்புத் தண்ணீரில் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு அழுத்துங்கள். துறைமுகப் பக்கம் படியும் தூசியோடு ஒட்டினால் முதல் வேகத்தடையிலேயே கழன்று பெடலுக்கு அடியில் உருளும்.

பெடல் என்றதும் கேபிளும் நினைவுக்கு வருகிறது. ஸ்டியரிங்கைச் சுற்றியோ கால் பக்கமாகவோ தொங்கவிடாதீர்கள். பழைய ஸ்டீரியோவில் இருக்கும் யூ.எஸ்.பி. ஓட்டை பெரும்பாலும் அரை ஆம்பியர்தான் கொடுக்கும். மேப் ஓடும் போன் அதைவிட வேகமாகச் சார்ஜைத் தின்றுவிடுவதால், கேபிள் மாட்டியிருந்தும் பாதி வழியில் திரை அணைந்து போவதுண்டு. நல்ல தரமான கார் சார்ஜர் ஒன்றை வாங்கிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. அப்புறம், வண்டியை வெயிலில் நிறுத்திவிட்டு இறங்கும்போது போனையோ, தனியாக வாங்கிப் பொருத்திய வழிகாட்டிக் கருவியையோ டேஷ்போர்டில் விட்டுப் போகக் கூடாது. மே மாதத்தில் மூடிய காருக்குள் இருக்கும் சூட்டை லித்தியம் பேட்டரி தாங்காது. திருடன் கண்ணிலும் படும்.

பைக் ஓட்டுகிறவர்களுக்கு இதில் தனிக் கவலை ஒன்று உண்டு. என்ஜின் அதிர்வு ஹேண்டில்பார் வழியாகப் போனுக்கு ஏறும். அந்த அதிர்வு கேமராவின் உள்ளே இருக்கும் நடுக்கம் தாங்கும் அமைப்பைக் கெடுக்கும் என்று ஆப்பிள் நிறுவனமே 2021-இல் எச்சரித்தது. அதிர்வைக் குறைக்கும் ரப்பர் வைத்த ஹோல்டராகப் பார்த்து வாங்குங்கள். சார்ஜருக்கான ஒயரைப் பேட்டரியில் நேராக இழுத்துக் கொடுக்கச் சொல்லாதீர்கள். நடுவில் ஃபியூஸ் இருக்க வேண்டும், சாவி போட்டால் மட்டும் மின்சாரம் வர வேண்டும். காதுகள் இரண்டையும் இயர்போனால் அடைத்துக்கொண்டு லாரிகளுக்கு நடுவே போவதைப் பார்த்தால் எனக்குப் பதறுகிறது. பின்னால் வரும் ஏர் ஹாரன் உங்களுக்குக் கேட்டாக வேண்டும்.

போகும் இடத்தைச் சரியாகப் போடுவது

இடத்தின் பெயரை அடித்ததும் முதலில் வருவதைத் தொட்டுவிடுவது நாம் எல்லோரும் செய்வது. எம்.ஜி.ஆர். நகர் கொருக்குப்பேட்டையிலும் உண்டு, கே.கே. நகர் பக்கமும் உண்டு. காந்தி நகர், நேரு நகர், அண்ணா தெரு என்றால் கணக்கே இல்லை. வண்ணாரப்பேட்டையில் பழையது, புதியது என்று இரண்டு இருக்கின்றன. பெயரோடு பின்கோடையும் சேர்த்து அடித்துப் பாருங்கள். ராயபுரம் 600013, திருவொற்றியூர் 600019 என்று போட்டால் பாதிக் குழப்பம் அங்கேயே தீரும். லொகேஷன் அனுப்புகிறவரிடம் 'வீட்டு வாசலில் நின்று அனுப்புங்கள்' என்று சொல்லிவிடுங்கள். ஆபீசில் உட்கார்ந்துகொண்டு வீட்டுக்கு வழி அனுப்பி, வந்தவரை ஆபீசுக்கே வரவழைத்தவர்கள் உண்டு.

இதைவிட முக்கியமானது, புள்ளி எந்தப் பக்கம் விழுந்திருக்கிறது என்பது. வடசென்னையை ரயில் பாதைகளும் பக்கிங்ஹாம் கால்வாயும் துண்டு துண்டாகப் பிரித்திருக்கின்றன. தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் புள்ளி விழுந்துவிட்டால், கண்ணுக்குத் தெரியும் வீட்டுக்குப் போக மேம்பாலமோ சப்வேயோ தேடி இரண்டு மூன்று கிலோமீட்டர் சுற்ற வேண்டும். அதனால் கிளம்புமுன் திரையில் பெரிதாக்கி, புள்ளி எந்தத் தெருவில், தண்டவாளத்துக்கோ கால்வாய்க்கோ எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். கூடவே முழு ரூட்டையும் ஒருமுறை விரலால் ஓட்டிப் பாருங்கள். எந்தப் பாலத்தில் ஏறுகிறோம், எங்கே பெரிய திருப்பம் என்ற மூன்று நான்கு விஷயங்கள் மனதில் இருந்தால் திரையைப் பார்க்கும் தேவையே பாதியாகிவிடும்.

வண்டி வகையும் சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கூகுள் மேப்ஸ் இந்தியாவில் இருசக்கர வாகனத்துக்குத் தனி வழி காட்டத் தொடங்கியது 2017 டிசம்பரில். அது பைக் நுழையும் சந்துகளையெல்லாம் வழியாகக் கொடுக்கும். பையன் பைக்குக்கு வைத்ததை மாற்றாமல் அப்பா அதே போனை எடுத்துக்கொண்டு காரில் கிளம்பினால், காசிமேட்டுச் சந்துக்குள் முன்னாலும் போக முடியாமல் பின்னாலும் வர முடியாமல் நிற்க வேண்டியதுதான். குட்டி யானை, வேன், லாரி ஓட்டுகிறவர்களுக்கு இதற்கு நேர்மாறான சிக்கல். சாதாரண மேப், உங்கள் வண்டியை ஒரு கார் என்றே நினைத்துக்கொள்ளும். மேலே கட்டிய சரக்கின் உயரம் அதற்குத் தெரியாது. சப்வே வாசலில் எழுதியிருக்கும் உயரத்தை நீங்கள்தான் பார்க்க வேண்டும். வண்டியின் உயரத்தை ஒரு சீட்டில் எழுதிக் கண்ணாடியின் மூலையில் ஒட்டிக்கொள்வது பழைய லாரிக்காரர் வழக்கம், அது நல்ல வழக்கம்.

இன்னொன்றையும் நிறுத்தியிருக்கும்போதே செய்துவிடலாம். கருவியில் 'வீடு' என்ற இடத்தில் உங்கள் வீட்டு வாசலைப் பதியாதீர்கள். பக்கத்துச் சந்திப்பையோ கோயிலையோ வையுங்கள். வண்டியோடு கருவி திருடு போனால், வீடு எங்கே என்று அதுவே காட்டிக்கொடுக்கும். காரை விற்கும்போதும் அதில் பதிந்த இடங்களையும் போன் எண்களையும் அழித்துவிட்டுத்தான் சாவியைக் கொடுக்க வேண்டும்.

வானம் தெரிய வேண்டும்

நாம் இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்க உதவும் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. இருக்கும் இடத்தைக் கணக்கிட, கருவிக்குக் குறைந்தது 4 கோள்களின் சிக்னல் வேண்டும். அவ்வளவு தூரம் கடந்து வரும் சிக்னல் மிக மெல்லியது. கான்கிரீட்டும் இரும்பும் அதைத் தடுத்துவிடும், இல்லாவிட்டால் பந்து சுவரில் பட்டுத் திரும்புவதுபோல் திருப்பிவிடும். அடுக்கி வைத்த கன்டெய்னர்களுக்கு நடுவே உங்கள் வண்டி திரையில் பக்கத்துச் சாலைக்குத் தாவுவது இதனால்தான். திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் சுங்கச்சாவடி தாண்டி விம்கோ நகர் வரைக்கும் தலைக்கு மேல் மெட்ரோ பாலம் ஓடுகிறது. 2021-இல் ரயில் ஓடத் தொடங்கிய பாதை அது. அதற்குக் கீழே போகும்போதும் அம்புக்குறி தடுமாறலாம். அப்போது பதறிப்போய்த் திரையைத் தட்டாதீர்கள், நேராகப் போய்க்கொண்டே இருங்கள், வானம் திறந்ததும் அது தன்னைச் சரிசெய்துகொள்ளும்.

தனியாக வாங்கிப் பொருத்தும் கருவியாக இருந்தால் முதல்முறை இடம் பிடிக்கச் சற்று நேரம் எடுக்கும். ஒவ்வொரு கோளும் தன் பாதை விவரத்தை 30 நொடிக்கு ஒருமுறை அனுப்புகிறது. அதை முழுதாக வாங்கிய பிறகுதான் கணக்கு தொடங்கும். பார்க்கிங் அடித்தளத்தில் இருந்துகொண்டு 'கருவி கெட்டுப்போச்சு' என்று சொல்ல வேண்டாம், திறந்த இடத்தில் ஓரமாக நிறுத்தி இரண்டு நிமிடம் கொடுங்கள்.

இன்னொரு குறையையும் தெரிந்துகொள்ள வேண்டும். நல்ல திறந்த வெளியிலேயே போனின் கணிப்பு ஏறத்தாழ 5 மீட்டர் முன்பின் இருக்கும். பாலத்துக்கு மேலே இருக்கிறோமா கீழே இருக்கிறோமா என்பதில் அது எளிதாக ஏமாறும். மூலக்கடைச் சந்திப்பில் திரும்ப வேண்டியவர் மேம்பாலத்தில் ஏறிவிட்டால் சந்திப்பு காலுக்குக் கீழே போய்விடும். பாலத்துக்கு முன்னால் இருக்கும் வழிகாட்டிப் பலகையைப் படியுங்கள். பலகை ஒன்றும் மேப் வேறொன்றும் சொன்னால் பலகையை நம்புங்கள்.

வண்டி ஓடும்போது

40 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு நொடிக்கு 11 மீட்டர் போகிறது. மூன்று நொடி திரையைப் பார்த்தால் 33 மீட்டர் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டியதாக அர்த்தம். தண்டையார்பேட்டையில் அந்த 33 மீட்டரில் ஒரு ஷேர் ஆட்டோ நிற்கும், இரண்டு பேர் சாலையைக் கடப்பார்கள், ஒரு மாடும் இருக்கும். குரலை முழு வால்யூமில் வைத்து, தமிழில் வைத்து, காதால் ஓட்டுங்கள். பக்கத்தில் ஆள் இருந்தால் போனை அவரிடம் கொடுத்துவிடுங்கள். இடத்தை மாற்ற வேண்டுமா, ஓரமாக நிறுத்துங்கள். சிக்னலில் நிற்கும்போது செய்துவிடலாம் என்றும் நினைக்க வேண்டாம். பச்சை விழுந்ததும் பின்னாலிருப்பவர் ஹாரன் அடிப்பார், பாதி அடித்த பெயரோடு வண்டியை நகர்த்துவோம்.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. 2020 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த விதித் திருத்தத்தின்படி, கையடக்கக் கருவியை வழி பார்க்க மட்டும், ஓட்டுநரின் கவனம் சிதறாத விதத்தில் பயன்படுத்தலாம். ஓட்டிக்கொண்டே கையில் போன் வைத்திருப்பது ஆபத்தான ஓட்டுதலில் சேரும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல்முறை பிடிபட்டால் 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, அல்லது இரண்டும். 'மேப்தான் பார்த்தேன்' என்று சொல்பவருடைய போன் ஸ்டாண்டில் இருந்திருக்க வேண்டும்.

திருப்பத்தைத் தவறவிட்டால் விட்டுவிடுங்கள். இதை நான் எத்தனை முறை சொன்னாலும் எனக்குப் போதாது. கருவி வேறு வழி போட்டுக் கொடுக்கும், கூடுதலாக ஐந்து நிமிடம் ஆகும். டிரெய்லர் ஓட்டுநருக்கு இடது பக்கமும் வண்டிக்கு நேர் முன்னாலும் பெரிய பகுதி கண்ணுக்கே தெரியாது. நீங்கள் குறுக்கே வெட்டியதை அவர் பார்க்காமலே போகலாம். யூ-டர்ன் போடு என்று குரல் சொல்லும் இடத்தில் கன்டெய்னர் வரிசை நின்றால், அடுத்த திருப்பம் வரை போங்கள்.

மழை, கேட், உடைந்த பாலம்

மேப்புக்குத் தெரிந்தது சாலையின் கோடு மட்டும்தான். இன்றைக்கு அந்தச் சாலை எப்படி இருக்கிறது என்பதை ஓரளவுதான் அறியும். 2024 நவம்பரில் உத்தரப் பிரதேசத்தின் பரேலி அருகே, மேப் காட்டிய வழியில் போன கார் ஒன்று பாதியில் நின்ற பாலத்திலிருந்து ராம்கங்கை ஆற்றில் விழுந்து மூன்று பேர் இறந்தார்கள். நம் ஊரில் பாலமும் மழைநீர் வடிகாலும் மெட்ரோவும் கட்டுவதற்காகத் தெரு மாறிக்கொண்டே இருக்கிறது. தடுப்பு வைத்திருந்தால் அதை நகர்த்திவிட்டுப் போகாதீர்கள். கொருக்குப்பேட்டைப் பக்கம் சரக்கு ரயிலுக்காகக் கேட் போட்டுவிட்டால் மேப் காட்டும் நேரமும் பொய்யாகிவிடும். ஆஸ்பத்திரிக்கோ ரயிலுக்கோ போகிறவர்கள் கேட் இல்லாத வழியாகப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது நல்லது.

மழைக்காலத்தில் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். வியாசர்பாடி கணேசபுரம் சப்வேயில் தண்ணீர் நிற்பதை இந்தப் பக்கம் இருக்கும் எல்லோரும் பார்த்திருப்போம். சாலை மூடப்பட்ட செய்தி மேப்புக்குப் போய்ச் சேரும்வரை அது அதே வழியைத்தான் குறுக்குவழி என்று காட்டும். ஒரு அடித் தண்ணீரே சிறிய காரை மிதக்கவைத்துவிடும். இருட்டில், மழையில், ஒரு அடியா நாலு அடியா என்று வண்டிக்குள் இருந்து தெரியாது.

போன ஐப்பசி மழையில் இரவு பத்து மணிக்கு மேப் என்னை ஒரு சப்வேயின் வாசலுக்குத்தான் கொண்டுவந்து நிறுத்தியது. முன்னால் ஒரு பைக் உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது. நான் வண்டியை ஓரம் கட்டி, கண்ணாடியை இறக்கி, ஆட்டோ ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்த பெரியவரிடம் கேட்டேன். "உள்ள இடுப்பளவு நிக்குது தம்பி, பாலத்து மேல போயிடு" என்றார். சொல்லிவிட்டு, குடையை விரித்துக்கொண்டு, அந்தப் பைக்காரரைக் கூப்பிட்டபடி சப்வே பக்கம் ஓடினார்.