புதிய ஸ்டீயரிங் பம்ப்: முதலில் காற்றை வெளியேற்றுங்கள்

மினிவேனின் பவர் ஸ்டீயரிங் பம்பை வீட்டிலேயே மாற்றுகிறீர்களா? புதியதை மாட்டியவுடன் எஞ்சினை இயக்கிவிடாதீர்கள். குழாய்களில் தங்கிய காற்று புதிய பம்பையே கெடுத்துவிடும். முன்சக்கரங்கள் தரையைத் தொடாதபடி வண்டியை உயர்த்தி, தாங்கிகளில் நிறுத்துங்கள். ஜாக்கை மட்டும் நம்பவே வேண்டாம். கையேட்டில் குறிப்பிட்ட ஸ்டீயரிங் எண்ணெயை அதன் தொட்டியில் ஊற்றி, எஞ்சின் அணைந்த நிலையிலேயே ஸ்டீயரிங்கை இக்கோடியிலிருந்து அக்கோடிவரை மெதுவாக 20 முறையாவது திருப்புங்கள். எண்ணெய் இறங்க இறங்க நிரப்பி வாருங்கள். குமிழிகள் நின்ற பிறகே எஞ்சினை இயக்குங்கள். அப்போதும் முனகல் கேட்டாலோ எண்ணெய் நுரைத்தாலோ காற்று மிச்சமிருக்கிறது; எஞ்சினை அணைத்து, நுரை அடங்கியதும் மீண்டும் திருப்புங்கள். ஸ்டீயரிங்கைக் கோடியில் 5 விநாடிக்கு மேல் பிடித்து வைக்காதீர்கள். பம்பிலிருந்து எண்ணெய் செல்லும் அழுத்தக் குழாய்க்குப் புது ஓ-ரிங் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) கட்டாயம். பழையதைப் போட்டால் அங்கேதான் கசியும்.