கார் பின் கண்ணாடி உடைந்தால்: செலவைக் கூட்டும் தவறுகள்

முன் கண்ணாடியில் சின்னக் கல் பட்டு ஒரு புள்ளி விழுந்தால், அதில் பிசின் செலுத்திச் சரிசெய்து இன்னும் சில வருடம் ஓட்டலாம். பின் கண்ணாடிக்கு அந்த வழி கிடையாது. முன்னால் இருப்பது இரண்டு தகடுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டிய லேமினேட்டட் கண்ணாடி. பெரும்பாலான கார்களில் பின்னால் இருப்பது ஒற்றைத் தகடு. அதை 600 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கி, காற்றைப் பீய்ச்சிச் சட்டென்று குளிரவைப்பார்கள். இதற்குப் பெயர் டஃபன்ட் கண்ணாடி. மேற்பரப்பு அழுத்தத்திலும் உள்பகுதி இழுவிசையிலும் நிற்கும். அதனால்தான் அது அவ்வளவு உறுதி. அதனால்தான் ஓர் ஓரத்தில் உடைந்தாலும் மொத்தமும் கற்கண்டாக உதிர்கிறது.

ஆகவே மாற்றுவதா வேண்டாமா என்ற கேள்வியே இல்லை, மாற்றித்தான் ஆக வேண்டும். ஆனால் ஒரே காருக்கு ஒருவர் ஆறாயிரத்தில் முடித்துவிட, இன்னொருவர் பன்னிரண்டாயிரம் கொடுத்த பிறகும் மழைக்கு ஒழுகும் டிக்கியோடு நிற்கிறார். அந்த வித்தியாசம் பெரும்பாலும் கண்ணாடியின் விலையால் வருவதில்லை. பதற்றத்தில் எடுக்கும் முடிவுகளால் வருகிறது.

உடைந்த அன்று

முதல் தவறு, உடனே துடைப்பத்தை எடுப்பது. நம்பர் பிளேட் தெரிகிற மாதிரி முழுக் காரையும், உடைந்த இடத்தையும், உள்ளே கிடக்கும் கல்லோ பந்தோ தேங்காயோ அதையும் படம் எடுத்த பிறகே சுத்தம் செய்ய வேண்டும். இன்சூரன்ஸ் கேட்கப் போவதில்லை என்று இப்போது தோன்றலாம், நாளைக்கு மனம் மாறலாம். யாராவது உடைத்துத் திருடியிருந்தால் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து ரசீது வாங்கிவிடுங்கள். ஒரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை: கண்ணாடிக்குப் பணம் தரும் பாலிசி, காருக்குள் இருந்து போன லேப்டாப்புக்குத் தராது. அதற்குத் தனியாக ஒரு கூடுதல் பாதுகாப்பு எடுத்திருக்க வேண்டும்.

சுத்தம் செய்யும்போது கையால் அள்ளக் கூடாது. டஃபன்ட் கண்ணாடி கையைக் கிழிக்காது என்று சொல்வார்கள். பெரிய காயம் வராது என்பது சரிதான், ஆனால் தூள் விரலில் ஏறும். வேக்குவம் கிளீனர் போட்டு, சீட் பெல்ட் மாட்டும் பக்கிள், சீட் ஓடும் தண்டவாளம், ஸ்டெப்னி வைக்கும் குழி எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். குழந்தை இருக்கை வைத்திருந்தால் அதன் உறையைக் கழற்றி உதறாமல் மறுபடி குழந்தையை உட்கார வைக்காதீர்கள். ஹேட்ச்பேக்கில் டிக்கிக் கதவின் உள்ளேயும் துண்டுகள் விழுந்திருக்கும். கண்ணாடி மாற்றுபவரிடம் உள்பக்க பிளாஸ்டிக் மூடியைக் கழற்றிச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் பலர் செய்வதில்லை, பிறகு ஒவ்வொரு வேகத்தடையிலும் கலகலவென்று சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும்.

அப்புறம் அந்த பிரவுன் டேப். பாலித்தீன் தாளை பார்சல் டேப்பால் பெயின்ட் மேல் ஒட்டி, இரண்டு நாள் வெயிலில் நிறுத்தினால் பசை இறுகிவிடும். ஏற்கெனவே ரீபெயின்ட் செய்த பகுதியாக இருந்தால் டேப்போடு பெயின்டும் உரிந்து வரலாம். மாஸ்கிங் டேப் போதும், அதுவும் ஒரு நாளைக்கு மட்டும். கறுப்புக் குப்பைப் பை வேண்டாம், பின்னால் வருகிற வண்டி தெரிய வேண்டுமே.

பின்பக்கம் திறந்திருக்க நெடுஞ்சாலையில் போவதுதான் இவற்றில் ஆபத்தானது. ஓடும் காரின் பின்னால் காற்றழுத்தம் குறையும். அந்தச் சுழலில் சைலன்சர் புகை உள்ளே இழுக்கப்படும். அதில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமே கிடையாது. ஏ.சி.யை உள்காற்றே சுற்றும் நிலையில் வைத்திருந்தால் இன்னும் மோசம். பக்கத்துக் கடைவரை மெதுவாக, வெளிக்காற்று வரும் நிலையில் புளோயரை வைத்துப் போகலாம். சென்னையிலிருந்து திருச்சிவரை அப்படியே போய், ஊரில் தெரிந்த மெக்கானிக்கிடம் மாற்றிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள்.

எந்தக் கண்ணாடி?

‘ஸ்விஃப்ட் பின் கண்ணாடி என்ன விலை?’ என்று போனில் கேட்டால் கிடைக்கும் விலைக்கு அர்த்தமில்லை. ஒரே மாடலில் அடிப்படை வேரியன்ட்டுக்கு வெறும் கண்ணாடி வரும். மேல் வேரியன்ட்டில் பனி நீக்கும் டிஃபாகர் கோடுகள், வைப்பருக்கான துளை, சில கார்களில் ரேடியோ ஆன்டெனாக் கோடுகள் என்று கூடிக்கொண்டே போகும். தலைமுறை மாறினால் வளைவே வேறு. டஃபன்ட் கண்ணாடியைச் சூடாக்கிக் குளிர்வித்த பிறகு வெட்டவோ துளையிடவோ முடியாது, முயன்றால் உதிர்ந்துவிடும். ஆகவே வைப்பர் துளை இல்லாத கண்ணாடி வந்துவிட்டால் கடைக்காரராலும் ஒன்றும் செய்ய முடியாது. ஆர்டர் கொடுக்கும்போது ஆர்.சி.யில் உள்ள சேசிஸ் எண், தயாரித்த ஆண்டு, வேரியன்ட் மூன்றையும் சொல்லுங்கள். முடிந்தால் உடைவதற்கு முன் எடுத்த பின்பக்கப் படம் ஒன்றையும் அனுப்புங்கள்.

இதில் பணம் மிச்சம் பிடிக்க ஆசைப்பட்டு, டிஃபாகர் இல்லாத கண்ணாடியைத் தெரிந்தே போடுபவர்கள் உண்டு. சென்னை வெயிலுக்கு அது எதற்கு என்று கேட்பார்கள். ஊட்டி, கொடைக்கானல் போகாவிட்டாலும் நவம்பர் மழையில் கண்ணாடி மங்கும்போது அதன் அருமை தெரியும். விற்கும்போதும் வாங்குபவர் அந்த சுவிட்சை அழுத்திப் பார்ப்பார்.

ஷோரூம் கண்ணாடியா, வெளிக்கடைக் கண்ணாடியா என்பதில் பலர் தேவைக்கு மேல் பயப்படுகிறார்கள். ஆசாஹி இந்தியா, செயின்ட் கோபேன் செக்யூரிட் போன்ற நிறுவனங்கள் கார் கம்பெனிகளுக்கும் கொடுக்கின்றன, சந்தையிலும் விற்கின்றன. கார் கம்பெனியின் சின்னம் இல்லை என்பதற்காக ஒரு கண்ணாடி மட்டமாகிவிடாது. மூலையில் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். தயாரிப்பாளர் பெயரும், ஐ.எஸ். 2553 என்ற தர எண்ணோடு ஐ.எஸ்.ஐ. முத்திரையும் இருக்க வேண்டும். எதுவுமே அச்சிடாத கண்ணாடியை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். உற்பத்தி நின்றுபோன பழைய மாடல் என்றால் சென்னையில் பழைய வண்டிகளின் பாகங்கள் விற்கும் புதுப்பேட்டைதான் வழி. கழற்றிய கண்ணாடியை வாங்கும்போது ஓரங்களை விரலால் தடவிப் பாருங்கள். ஓரத்தில் சின்னச் சில்லு பெயர்ந்திருந்தால்கூட விட்டுவிடுங்கள், ஒரு நாள் தானாகவே உடையும்.

செலவு என்று பார்த்தால், சிறிய ஹேட்ச்பேக்குக்கு வெளிக்கடையில் மாட்டும் கூலியோடு ஏறக்குறைய நான்காயிரத்திலிருந்து எட்டாயிரம் ரூபாய்வரை ஆகலாம். டிஃபாகரும் வைப்பரும் உள்ள எஸ்.யு.வி. என்றால் எட்டிலிருந்து பதினைந்தாயிரம். வெளிநாட்டுச் சொகுசுக் கார்களுக்கு முப்பதாயிரத்தைத் தாண்டிப் போகும். ஊருக்கு ஊர், மாடலுக்கு மாடல் மாறும் என்பதால் இதை ஒரு மதிப்பாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். விலை கேட்கும்போது கண்ணாடி, சீலன்ட் பசை, ஓரத்து ரப்பர் பீடிங், கிளிப்கள், கூலி, ஜி.எஸ்.டி. எல்லாம் சேர்த்தா என்று கேட்க மறக்காதீர்கள். குறைந்த விலை சொன்ன கடை, இவற்றில் பாதியைச் சொல்லாமல் விட்டிருக்கும்.

இன்சூரன்ஸில் கேட்பதா?

இங்கேதான் அதிகப் பணம் போகிறது. பலர் கணக்குப் போடுவதே இல்லை.

முதலில், உங்களிடம் இருப்பது என்ன பாலிசி என்று பாருங்கள். தேர்ட் பார்ட்டி பாலிசி மட்டும் இருந்தால் உங்கள் கண்ணாடிக்கு ஒரு ரூபாய்கூட வராது. 2018 செப்டம்பர் முதல் புதுக் கார்களுக்கு மூன்று வருட தேர்ட் பார்ட்டி பாலிசி கட்டாயம். அதைப் பார்த்து, மூன்று வருடத்துக்கு எல்லாமே இருக்கிறது என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். சொந்தச் சேதத்துக்கான பகுதியைப் பலரும் ஒரு வருடத்துக்குத்தான் எடுத்திருப்பார்கள். அதைப் புதுப்பிக்காமல் விட்டது கண்ணாடி உடைந்த அன்றுதான் தெரியவரும்.

சொந்தச் சேத பாலிசி இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். கண்ணாடிக்குத் தேய்மானம் பிடிக்க மாட்டார்கள், அது நல்ல செய்தி. ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களுக்குப் பாதி பிடிப்பார்கள். அதோடு 1,500 சி.சி. வரையுள்ள காருக்கு 1,000 ரூபாய், அதற்கு மேல் 2,000 ரூபாய் கட்டாயமாக உங்கள் கையிலிருந்து போகும்.

இதைவிடப் பெரிய இழப்பு நோ கிளைம் போனஸ். கிளைம் இல்லாத ஒவ்வொரு வருடத்துக்கும் 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று தள்ளுபடி ஏறும். ஒரு கிளைம் கேட்டால் மறுபடி பூஜ்யம். ஓர் உதாரணம் போடுவோம். சொந்தச் சேத பிரீமியம் தள்ளுபடிக்கு முன் 10,000 ரூபாய், இப்போது உங்களுக்கு 35 சதவீதம் கிடைக்கிறது. கிளைம் கேட்காமல் இருந்தால் அடுத்த வருடம் 45, பிறகு 50, 50 என்று போகும். கேட்டால் 0, 20, 25, 35, 45. ஐந்து வருடத்தில் இழப்பது 4,500, 3,000, 2,500, 1,500, 500, ஆக மொத்தம் 12,000 ரூபாய். கார் பழசாகப் பழசாக பிரீமியம் குறையும் என்பதால் உண்மையில் கொஞ்சம் குறைவாக வரலாம். ஆனாலும் 7,000 ரூபாய் பில்லுக்குக் கிளைம் கேட்டு 6,000 வாங்குவது நஷ்டம்தான்.

அதே கார் வாங்கி முதல் வருடமாக, போனஸ் பூஜ்யமாக இருந்தால் கணக்கு வேறு. அதே 10,000 பிரீமியத்துக்கு ஐந்து வருடத்தில் இழப்பது 5,000 ரூபாய்தான் வரும். கண்ணாடி 14,000 ரூபாய் என்றால் தாராளமாகக் கேட்கலாம். போனஸைக் காப்பாற்றும் கூடுதல் பாதுகாப்பு எடுத்திருந்தால், கண்ணாடிக்கான கிளைமை அது எப்படிக் கணக்கிடுகிறது என்று கேட்டுவிட்டு முடிவெடுங்கள். எந்தப் பாகத்துக்கும் தேய்மானம் பிடிக்காத ஜீரோ டெப் பாலிசிகள் பலவற்றில் வருடத்துக்கு இரண்டு கிளைம்தான். கண்ணாடிக்கு ஒன்றைச் செலவழித்துவிட்டால் மிச்சம் ஒன்றுதான்.

கேட்பது என்று முடிவானால், கம்பெனிக்குத் தகவல் சொல்லி அவர்கள் பார்த்த பிறகுதான் வேலையைத் தொடங்க வேண்டும். மாற்றிவிட்டு பில்லை நீட்டினால் தகராறு நிச்சயம். பக்கத்து வீட்டுப் பையனின் கிரிக்கெட் பந்து என்றால், அவன் அப்பாவிடம் நேரில் பேசுவதுதான் எல்லாவற்றிலும் சீக்கிரம் முடியும் வழி.

மாட்டும்போது

அம்பாசடர், ஆம்னி காலத்துக் கண்ணாடிகள் ரப்பர் பீடிங்கில் உட்கார்ந்திருக்கும். அதில் செய்யும் தவறு, இறுகிப்போன பழைய பீடிங்கையே மறுபடி போடுவது. இன்றைய கார்களில் கண்ணாடியை பி.யு. சீலன்ட் என்ற பாலியூரித்தேன் பசையால் நேராக பாடியில் ஒட்டுகிறார்கள். வேலையின் தரம் முழுக்க இந்தப் பசையில் இருக்கிறது. விலை குறைத்துச் சொல்லும் இடங்களில் சிலர் சாதாரண சிலிக்கோனைப் பிதுக்கி ஒட்டிவிடுவார்கள். வினிகர் போல வாடை அடிக்கும் வகை சிலிக்கோன் என்றால் உலோகத்தையும் அரிக்கும். அந்த இடத்தில் பிறகு நல்ல பி.யு. போட்டாலும் சரியாகப் பிடிக்காது. டியூபைக் காட்டச் சொல்லிப் பெயரையும் காலாவதித் தேதியையும் பாருங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

பழைய பசையை பெயின்ட்டோடு சேர்த்துச் சுரண்டி எடுப்பது இன்னொரு தவறு. ஒன்றிரண்டு மில்லிமீட்டர் உயரத்துக்குப் பழைய பசையை விட்டு வெட்டி, அதன் மேல் புதுப் பசை போடுவதுதான் முறை. கத்தி பட்டு உலோகம் தெரிந்துவிட்டால் அங்கே பிரைமர் அடிக்காமல் ஒட்டக் கூடாது. அந்தச் சின்னக் கீறலில் தொடங்கும் துரு பசைக்கு அடியில் ஊர்ந்து போகும். இரண்டு மழைக்காலம் கழித்து டிக்கியில் தண்ணீர் நிற்கும்போதுதான் வெளியே தெரியும்.

பி.யு. பசை காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துத்தான் இறுகும். எவ்வளவு நேரம் கழித்து ஓட்டலாம் என்பது பசைக்குப் பசை மாறும், டியூபிலேயே போட்டிருக்கும். ‘இப்பவே எடுத்துட்டுப் போங்க சார்’ என்பவரிடம் அந்த வரியைக் காட்டுங்கள். கண்ணாடியைப் பிடித்திருக்கும் டேப்பை அன்று முழுக்க எடுக்க வேண்டாம். கதவை அறைந்து சாத்தினால் உள்ளே ஏறும் காற்றழுத்தம் இறுகாத பசையைத் தள்ளிவிடும். ஒரு ஜன்னலைக் கொஞ்சம் இறக்கி வைத்துவிட்டால் அந்தப் பிரச்சினை இல்லை. இரண்டு நாளைக்கு வாட்டர் வாஷ் பக்கம் போகாதீர்கள்.

பணம் கொடுப்பதற்கு முன் டிஃபாகரை ஓட விட்டு, கண்ணாடியில் வாயால் ஊதி ஆவி படியவைத்துப் பாருங்கள். கோடு கோடாகத் தெளிய வேண்டும். தெளியாவிட்டால் பக்கவாட்டு ஒயரை மாட்டாமல் விட்டிருப்பார்கள், அல்லது அதைப் பிடித்திருக்கும் சிறு தகடு பெயர்ந்திருக்கும். வைப்பரையும் மேலே உள்ள பிரேக் விளக்கையும் அதே மூச்சில் பார்த்துவிடுங்கள். மறுநாள் குழாய்த் தண்ணீரை மெதுவாக ஓட விட்டு, ஒருவர் உள்ளே டார்ச்சோடு உட்கார்ந்து பார்த்தால் ஒழுகல் இருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

கண்ணாடி மாட்டிய கையோடு ‘கறுப்பு ஃபிலிம் ஒட்டிடலாமா?’ என்று கேட்பார்கள். முன், பின் கண்ணாடிகளில் குறைந்தது 70 சதவீத வெளிச்சமும் பக்கக் கண்ணாடிகளில் 50 சதவீதமும் உள்ளே வர வேண்டும் என்பது மோட்டார் வாகன விதி. கறுப்பு ஃபிலிம்களை 2012-லேயே உச்ச நீதிமன்றம் தடுத்துவிட்டது. அபராதம் ஒரு பக்கம் இருக்கட்டும், அந்த ஃபிலிமை என்றைக்காவது உரிக்கும்போது உள்பக்கம் இருக்கும் டிஃபாகர் கோடுகளும் சேர்ந்து உரிய வாய்ப்பு உண்டு. பழைய ஸ்டிக்கரை பிளேடால் சுரண்டுவதும் அதே கதைதான். ஒரு கோடு அறுந்தால் அந்த வரிசை மட்டும் மங்கலாகவே நிற்கும்.

பில்லை வாங்கும்போது கண்ணாடியின் பிராண்டையும், ஒழுகலுக்கு எத்தனை மாத உத்தரவாதம் என்பதையும் அதிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். வாயால் சொல்லும் உத்தரவாதத்தை முதல் மழைக்குப் பிறகு கடையில் யாருக்கும் ஞாபகம் இருக்காது.