கங்காரு முத்திரையை மட்டும் நம்பி லித்கோ பாண்டம் வாங்காதீர்கள்

சிட்னிக்கு மேற்கே நீலமலைத் தொடரைத் தாண்டினால் வரும் நிலக்கரி ஊர் லித்கோ. அங்கே செங்கல் சுட்டுக்கொண்டிருந்த நிலக்கரிக் கம்பெனியில் 1879-இல் ஜேம்ஸ் சில்காக் என்ற இங்கிலாந்துக் குயவர் சேர்ந்தார். அதன் பிறகு டீ கெட்டில், கூஜா, ரொட்டித் தட்டு எல்லாம் அங்கே உருவாயின. 1890களிலேயே அந்த வேலை பெரும்பாலும் நின்றுவிட்டது. ஆகவே சேகரிக்கிறவர்களுக்குச் சாமான் குறைவு, போட்டி அதிகம். அவசரப்பட்டு ஏமாறுகிறவர்களும் அதிகம்.

லித்கோவின் அடையாளம் கங்காரு முத்திரை. சுடுவதற்கு முன் ஈரக் களிமண்ணில் அழுத்தியது அது. அதனால் கிளேஸ் என்ற கண்ணாடி போன்ற பூச்சு அந்தப் பள்ளத்துக்குள்ளும் இறங்கியிருக்க வேண்டும். பூச்சைக் கீறிக்கொண்டு முத்திரை நின்றால், பின்னால் யாரோ செதுக்கியது என்று சந்தேகப்படுங்கள். பாண்டத்தின் மேல் அலங்காரமாகக் கங்காரு இருப்பது வேறு விஷயம். ஆஸ்திரேலிய விலங்குகளை வைத்து இங்கிலாந்துப் பட்டறைகளும் நிறையச் செய்தன.

சரி, முத்திரை இல்லை என்றால்? இங்கேதான் இரண்டு பக்கமும் சறுக்குகிறார்கள். லித்கோவில் முத்திரை இல்லாமலே ஏராளமானவை வெளிவந்தன. அவற்றை ஒதுக்கினால் நல்ல பொருள் கைநழுவும். அதற்காகப் பழுப்பு நிற டீ கெட்டிலை எல்லாம் லித்கோ என்று நம்பவும் கூடாது. செய்தவர்கள் இங்கிலாந்தில் தொழில் கற்றவர்கள், அங்கிருந்து இறக்குமதியும் இருந்தது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். கைப்பிடி ஒட்டிய விதம், மூக்கின் வளைவு, பூச்சு படாத அடிப்பகுதியில் தெரியும் மண்ணின் நிறம் ஆகியவற்றை முத்திரையுள்ள பாண்டத்தோடு ஒப்பிட வேண்டும். லித்கோவில் உள்ள எஸ்க்பாங்க் ஹவுஸ் அருங்காட்சியகத்தில் நல்ல தொகுப்பு இருக்கிறது. பணம் கொடுப்பதற்கு முன் ஒரு நாள் அங்கே செலவழிப்பது எந்தக் கையேட்டையும் விட மேல் என்பது என் எண்ணம்.

அப்புறம், மூடியைத் தனியாகப் பாருங்கள். வேறு கெட்டிலின் மூடியைப் பொருத்தி விற்பது சகஜம். கறை போக பிளீச்சில் ஊற வைக்காதீர்கள். மயிரிழை விரிசல் வழியாக உள்ளே இறங்கிப் பூச்சையே உரித்துவிடும். அந்தக் காலத்துப் பூச்சில் ஈயம் இருக்கும், ஆகவே அதில் டீ போட்டுக் குடிக்கவும் வேண்டாம்.

பழைய சூளை இருந்த இடத்தில் தோண்டுவதுதான் என்னால் பொறுக்க முடியாத தவறு. 1977-ஆம் ஆண்டின் நியூ சவுத் வேல்ஸ் பாரம்பரியச் சட்டப்படி அனுமதி இல்லாமல் தொல்பொருளைத் தோண்டி எடுப்பது குற்றம். அதைவிட, சுடும்போது உடைந்து அங்கேயே கொட்டிய ஓடுகள்தான் முத்திரையில்லாத பாண்டங்களுக்குச் சாட்சி. அவற்றைக் கலைத்துவிட்டால், உங்கள் அலமாரியில் இருப்பது லித்கோவா இல்லையா என்று சொல்ல எதுவும் மிஞ்சாது.