கேனான் எஸ்100 கேமராவை ட்ரோனிலிருந்து இயக்குவது எப்படி?

நிலத்தை மேலிருந்து படமெடுத்து வரைபடமாக்கும் பணிக்கு, 2011-இல் வெளிவந்த கேனான் பவர்ஷாட் எஸ்100 இன்றும் போதுமானது. பேட்டரியோடு ஏறத்தாழ 200 கிராம் எடையுள்ள இதில் 12 மெகாபிக்சல் சென்சாரும் நல்ல அகலக் கோண லென்ஸும் உள்ளன. தொலைவிலிருந்து இயக்குவதற்கான இணைப்பு இதில் இல்லாததால், சிலர் கேமராவைப் பிரித்து ஷட்டர் பொத்தானின் முனைகளில் வயரைச் சால்டர் செய்கிறார்கள். இந்த வழியை நான் பரிந்துரைப்பதில்லை. பேட்டரியைக் கழற்றிய பின்னும் ஃபிளாஷின் மின்தேக்கியில் சுமார் 300 வோல்ட் தங்கியிருக்கக்கூடும். அதில் விரல் படுவது ஆபத்து. சி.எச்.டி.கே. என்னும் இலவச மென்பொருளை ஏற்றினால், யுஎஸ்பி துளைக்கு வரும் மின்னழுத்தத்தையே கேமரா ஷட்டர் கட்டளையாக எடுத்துக்கொள்ளும் என்பதால், ஒரு திருகைக்கூடக் கழற்ற வேண்டியதில்லை.

சி.எச்.டி.கே. மெமரி கார்டிலிருந்தே இயங்குகிறது. கேமராவின் சொந்த மென்பொருளை அது மாற்றி எழுதுவதில்லை. கேமராவின் மாடலுக்கும் அதன் ஃபர்ம்வேர் (உள்ளமைந்த மென்பொருள்) பதிப்புக்கும் சரியாகப் பொருந்தும் கோப்புகளை மட்டுமே கார்டில் ஏற்ற வேண்டும். அந்தக் கேமராவில் எடுத்த ஒரு படத்தைக் கொடுத்தால், ஸ்டிக் என்னும் கருவி பதிப்பைக் கண்டறிந்து கார்டையும் தயார் செய்துவிடும். பின்னர் கார்டின் பக்கவாட்டுப் பூட்டை மூடிய நிலையில் செருகினால், சி.எச்.டி.கே. தானாகத் தொடங்கும், பூட்டியிருந்தாலும் படங்கள் பதிவாகும். அதன் மெனுவில் ரிமோட் வசதியை இயக்கி, வான்வழிப் படமெடுப்புக்காக சி.எச்.டி.கே.யில் இயங்கும் கேஏபி யுஏவி ஸ்கிரிப்டைத் தானாகத் தொடங்கும்படி அமைத்து, யுஎஸ்பி தூண்டலுக்கு ஒன்ஷாட் (ஒரு கட்டளைக்கு ஒரு படம்) முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

கேபிளுக்கு, ஒரு மினி யுஎஸ்பி வயரை வெட்டி, சிவப்பையும் கறுப்பையும் மட்டும் வைத்துக்கொண்டு, தரவுக்கான வெள்ளை, பச்சை வயர்களைத் தனித்தனியே காப்பிட்டு விட்டுவிடுங்கள். ட்ரோனின் பறத்தலைக் கட்டுப்படுத்தும் பிக்ஸ்ஹாக் போன்ற ஃபிளைட் கன்ட்ரோலரின் முனை 3.3 வோல்ட் மட்டுமே தருகிறது; சில கேமராக்கள் அதை ஏற்றாலும், அதை நம்பிப் பறக்க விடுவதைவிட முழு 5 வோல்ட் தருவதே நல்லது. கன்ட்ரோலர் முனையிலிருந்து 1 கிலோ ஓம் மின்தடை வழியாக பிசி547 டிரான்சிஸ்டரின் பேஸுக்கும், அதன் கலெக்டரிலிருந்து ஒரு பி-சேனல் மாஸ்ஃபெட்டின் கேட்டுக்கும் இணைப்புத் தந்து, அந்தக் கேட்டை 10 கிலோ ஓம் மின்தடையால் 5 வோல்டோடு சேர்க்க வேண்டும். மாஸ்ஃபெட்டின் சோர்ஸ் 5 வோல்டுக்கும், டிரெய்ன் கேபிளின் சிவப்பு வயருக்கும் செல்லும். டிரான்சிஸ்டரின் எமிட்டரும் கறுப்பு வயரும் பொதுத் தரையில் (கிரவுண்ட்) சேரும். சிவப்புக்கும் தரைக்கும் இடையில் இன்னொரு 10 கிலோ ஓம் மின்தடை கட்டாயம் வேண்டும். அது இல்லையென்றால், கட்டளையாக அனுப்பும் குறுகிய மின்துடிப்பு முடிந்த பின்னும் மின்னழுத்தம் மெதுவாகவே இறங்குவதால், அடுத்த கட்டளையைக் கேமரா தவறவிடக்கூடும்.

ஃபிளைட் கன்ட்ரோலரில் இயங்கும் மென்பொருளான ஆர்டுபைலட்டில் கேமரா வகையை ரிலே (முனையை இயக்கி அணைக்கும் முறை) என்று அமைத்து, நேர இடைவெளிக்குப் பதிலாகத் தொலைவு அடிப்படையில் படமெடுக்கச் சொல்லுங்கள். எதிர்க்காற்றில் ட்ரோன் மெதுவானாலும் படங்களின் மேற்பொருத்தம் (அடுத்தடுத்த படங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியும் அளவு) மாறாது. 100 மீட்டர் உயரத்தில் எஸ்100-இன் ஒரு பிக்சல் தரையில் சுமார் 3.6 செ.மீ.க்குச் சமம்; ஒரு படம் ஏறத்தாழ 143 மீட்டருக்கு 107 மீட்டர் பரப்பை அடக்கும். நீளப் பக்கம் பறக்கும் திசைக்குக் குறுக்காக அமையும்படி கேமராவைப் பொருத்தினால், 75 சதவீத மேற்பொருத்தத்துக்கு 27 மீட்டருக்கு ஒரு படம் தேவை. நொடிக்கு 9 மீட்டர் வேகத்தில் சென்றால், படத்துக்குப் படம் 3 நொடி கிடைக்கும். ஸ்கிரிப்டில் இலக்கு ஷட்டர் வேகத்தை 1/1000 நொடியாக வைத்தால், அதற்குள் ட்ரோன் நகர்வது 9 மி.மீ. மட்டுமே.

ஃபிளாஷ், பட அதிர்வுத் தடுப்பு, எடுத்த படத்தைத் திரையில் காட்டும் வசதி ஆகிய மூன்றையும் அணைத்துவிடுங்கள். ஃபோகஸ் முடிவிலியில் இருக்கட்டும்.

பறக்க விடுவதற்கு முன், கன்ட்ரோலரிலிருந்து தரையிலேயே நூறு கட்டளைகளை அனுப்பி, கார்டில் நூறு படங்கள் இருக்கின்றனவா என்று எண்ணிப் பாருங்கள். எஸ்100-இல் ஹாட்ஷூ (வெளி ஃபிளாஷைப் பொருத்தும் இணைப்பு) இல்லாததால், ஷட்டர் உண்மையில் திறந்ததைக் கன்ட்ரோலர் அறிய வழியில்லை. கட்டளை அனுப்பியதை மட்டுமே அது குறித்துக்கொள்கிறது. இடையில் ஒரு படம் தவறினாலும், அதன் பிறகு வரும் ஒவ்வொரு படத்துக்கும் முந்தைய இடத்தின் ஆயத்தொலைவு பதிவாகி, வரைபடம் முழுவதும் பிழையாகிவிடும். எண்ணிக்கை குறைந்தால், முதலில் ஆர்டுபைலட்டில் துடிப்பின் நீளத்தைக் கூட்டிப் பாருங்கள்; அப்போதும் குறைந்தால், வேகமாக எழுதும் கார்டுக்கு மாறுங்கள்.